மகன் போடும் விலை

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இம்மாதம் இப்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அவரது மகன் டுபாயில், பாவித்த ஆடம்பரக் கார்களை வாங்கி விற்கும் ஒரு நிலையத்தில் இருக்கிறார். வரும் கார்களைப் பார்த்து விலை மதிப்பிடுவதே அவர் வேலை. அண்மையில் தொழிலை இழந்து ஒரு வாரத்துக்குள் நாடு திரும்பவேண்டியிருந்த ஒருவரிடமிருந்து, குதிரைச் சின்னம் பொறித்த சிவப்புக் காரொன்றை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிக் கொடுத்தாராம். முதலாளி மகிழ்ந்து தனியாக ஒரு தொகை கொடுத்திருக்கிறார். "அந்தக் காசில்தான் வீட்டுக் கூரையை மாற்றினோம். மழை பெய்தால் அந்த மனிதரின் நினைவு வருகிறது. இந்தப் பணம் எங்களுக்கு ஆகுமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, குதிரைச் சின்னம் என்றால் அது இத்தாலிய பெராரியாக இருக்கவேண்டும். குறைந்த விலை என்று சொல்வதற்கு முன்னர், நியாய விலை எதுவென்று தெரியவேண்டும் அல்லவா? சாதாரண காருக்கு அதைச் சொல்வது எளிது. ஒரே மாதிரியான ஆயிரம் கார்கள் ஓடுகின்றன. நாலு பேரைக் கேட்டால் விலை தெரிந்துவிடும். பெராரி, லம்போகினி போன்றவை அப்படியல்ல. ஒரே ஆண்டில் செய்த, ஒரே நிறமுள்ள இரண்டு கார்களுக்கிடையே ஒரு வீட்டின் பெறுமதியளவு வித்தியாசம் இருக்கலாம்.

விளம்பரத்தில் காணும் தொகை விற்பவரின் ஆசை மாத்திரமே. உண்மையில் கைமாறிய தொகைதான் விலை. ஏலங்களின் முடிவுகள் வெளிவருவதால் அவற்றிலிருந்து தொடங்குவார்கள். பிறகு, அடுத்து வரப்போகும் செலவைக் கழிக்கவேண்டும். இங்கேதான் மதிப்பிடுபவரின் அறிவு வேலை செய்கிறது. 1994 முதல் 1999 வரை செய்யப்பட்ட பெராரி எப் 355 இல் என்ஜினின் பெல்ட்டை மாற்ற என்ஜினையே காரிலிருந்து கழற்றி இறக்கவேண்டும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் செய்தாகவேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜின் பாழாகிவிடும். அடுத்து வந்த 360 மொடேனாவில் என்ஜினை இறக்காமலே மாற்றலாம். 2004 இல் வந்த எப் 430 இல் பெல்ட்டே இல்லை, சங்கிலிதான். ஆகவே பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டு கையிலிருக்கும் எப் 355 க்கும் இல்லாததற்கும் ஒரே விலை போடுபவர், ஒன்றில் அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர்.

குறைவாக ஓடியது என்பதற்காகப் பெருந்தொகை கொடுப்பது எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. பத்து வருடம் நிறுத்திவைத்த காரில் றப்பர் பாகங்கள் காய்ந்து எண்ணெய் கசியும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கங்கள் இருக்கும். 1419 என்றால் 2019 ஆம் ஆண்டின் 14 ஆம் வாரத்தில் செய்தது. பார்வைக்குப் புதிதாயிருந்தாலும் அந்த டயரில் வேகமாகப் போவது ஆபத்து. ஆனாலும் சந்தை குறைந்த கிலோமீற்றருக்கே கூடுதல் விலை கொடுக்கிறது. அதேபோல, கையால் கியர் மாற்றும் எப் 430 கள் குறைவாகவே செய்யப்பட்டதால் இன்று அவற்றுக்குத் தனி விலை. அதில் குற்றமில்லை, விரும்புபவர் விரும்பிக் கொடுக்கிறார்.

விருப்பம் வெறியாகும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஜகுவார் எக்ஸ்.ஜே. 220 சாட்சி. 1988 இல் பிரித்தானியக் கண்காட்சியில் பன்னிரண்டு சிலிண்டர் காரைக் காட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு 50,000 பவுண் முற்பணம் கட்டினர். கார் கைக்கு வருமுன்பே இலாபத்துக்கு விற்றுவிடலாம் என்பது பலரின் கணக்கு. கையில் இல்லாததை விற்காதே என்ற நபிவழியின் காரணம் இத்தகைய நேரத்தில்தான் நன்றாகப் புரிகிறது. 1992 இல் வந்த கார் ஆறு சிலிண்டர். விலையோ 4 இலட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. அதற்குள் சந்தை சரிந்துவிட்டது. வாங்க மறுத்தவர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். செய்த கார்கள் முந்நூறுக்கும் குறைவு. அவையும் பின்னர் வெகு மலிவாகக் கைமாறின.

விற்கும் பக்கத்தையும் மகனிடம் சொல்லுங்கள். 2024 ஏப்ரல் 16 இல் அமீரகத்தில் வரலாறு காணாத மழை பெய்தது. அல்அய்ன் பகுதியில் ஓரிடத்தில் ஒரே நாளில் 250 மில்லிமீற்றருக்கு மேல். எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அவற்றைக் கழுவிக் காயவைத்து மினுக்கிவிடலாம். ஆனால் ஆசனத்துக்குக் கீழேயுள்ள வயர்களில் துரு மெதுவாகத்தான் ஏறும். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டறிந்து கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. காரின் கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பதும் அதே வேலைதான். மறைத்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதில் நமது ஷாபிஈ மத்ஹபும் உறுதியாக நிற்கிறது.

இனி உங்கள் கூரைக்கு வருவோம். விற்பனை நிலையம் ஒருபோதும் கடைசி விற்பனை விலைக்கு வாங்காது. திருத்தவேண்டும், மாதக்கணக்கில் வைத்திருக்கவேண்டும், வாடகை கட்டவேண்டும். ஆகவே குறைத்து வாங்குவது மட்டும் அநியாயமாகாது. எவ்வளவு குறைத்து என்பதே கேள்வி. ஹனபி அறிஞர்கள் ஓர் அழகான அளவுகோல் சொன்னார்கள்: துறை தெரிந்த மதிப்பீட்டாளர்கள் சொல்லும் விலைகளின் எல்லைக்குள் விழுந்தால் அது பொறுக்கத்தக்கது, வெளியே போனால் பெரு நட்டம். உஸ்மானியரின் மஜல்லா சட்டம் இதற்கு எண்ணும் கொடுத்தது: சரக்குகளில் நூற்றுக்கு 5, கால்நடைகளில் 10, நிலபுலங்களில் 20. பெராரிக்கு 5 போதாது என்பது என் எண்ணம். இரண்டு நேர்மையான மதிப்பீட்டாளர்களே 10 வீதம் வேறுபடுவார்கள்.

ஷாபிஈ மத்ஹபிலோ விலையில் நட்டப்பட்டது என்ற ஒன்றுக்காக மட்டும் வியாபாரம் முறியாது. அதைக் கேட்டு உடனே நிம்மதியடைந்துவிடாதீர்கள். சந்தை விலை அறியாது வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே போய் மறித்து மலிவாக வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால் வியாபாரத்தை முறிக்கும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தார்கள். ஆகவே மகனிடம் கேளுங்கள்: அந்த மனிதருக்குச் சந்தை விலை தெரிந்திருந்ததா? "இந்தக் காரை இப்போது யாரும் வாங்கமாட்டார்கள்" என்பதுபோல ஏதும் சொன்னாயா? இல்லாத குறையைக் காட்டினாயா? விலை தெரிந்தும் அவசரத்துக்காக அவரே இறங்கி வந்திருந்தால் வியாபாரம் வியாபாரமே. பொய் கலந்திருந்தால் ஊரிலுள்ள ஆலிமிடம் இதே விபரத்தைச் சொல்லி முடிவு கேளுங்கள்; நான் தீர்ப்புச் சொல்லும் தகுதியுடையவனல்ல.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசி வாங்கப்பட்டது. காசு கொடுக்கும்போது குதிரையைப் பார்த்த அவர், இது இதைவிடப் பெறுமதியானது என்று விற்பவரிடம் தாமாகவே சொல்லிச் சொல்லி 800 வரை உயர்த்திக் கொடுத்தார். தபரானீ பதிவு செய்த இச்சம்பவத்தை இமாம் நவவி அவர்களும் எடுத்துக் காட்டுகிறார்கள். எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் கொடுத்த வாக்குக்காகவே அப்படிச் செய்தார்.

உங்கள் மகன் 500 திர்ஹம் உயர்த்தவேண்டுமென்று நான் சொல்லவில்லை. கார் அவருடையதல்ல, முதலாளியுடையது. ஆனால் அந்த வெகுமதி அவர் கைக்கு வந்தது. காரை விற்றுவிட்டுப் போனவரின் தொலைபேசி இலக்கம் விற்பனைக் கோவையில் நிச்சயம் இருக்கும்.