கடனும் கொடையும்

சென்ற மாதக் கூட்டத்தில் நடந்ததை, வராதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை காகிதக் கடனிலும் அச்சகக் கடனிலும் நிற்கிறது. இது புதிய செய்தி அல்ல. புதிய செய்தி, நண்பர் ஒருவர் பையிலிருந்து எடுத்து வைத்த விண்ணப்பப் படிவம். ஓர் அறக்கட்டளையின் படிவம்; பதினோரு பக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கால் மணி நேரம் பேசினார். பேச்சின் சாரம் இது: நம்மிடம் கலைஞர்கள் இருக்கிறார்கள், கொடையாளிகள் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு பேரும் தங்கள் பெயர் எழுதிய ட்யூப் லைட்டைக் கோயிலுக்கு மாட்டுகிறார்களே ஒழிய, ஒன்றுகூடி யோசிப்பதில்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம் திவாலானபோது அந்த வட்டாரத்து அறக்கட்டளைகளெல்லாம் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஓர் ஓவிய மியூஸியத்தையே காப்பாற்றிவிட்டன. நாகரிகம் என்றால் அது.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் தலை எதற்காக ஆடியது என்ற கேள்வி வந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். டெட்ராய்டில் 1950-ல் பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். 2010-ல் ஏழு லட்சத்துச் சொச்சம். கார்த் தொழிற்சாலைகள் போயின, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், வரி போயிற்று, மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், ஏழைகள். 2013 மார்ச்சில் மாநில ஆளுநர் ஓர் அவசர நிர்வாகியை நியமித்து, மக்கள் தேர்ந்தெடுத்த மேயரையும் கவுன்ஸிலையும் ஓரமாக உட்கார வைத்தார். ஜூலை 18-ம் தேதி நகரம் திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். விற்றுக் காசாக்க என்ன இருக்கிறது என்று கடன்காரர்கள் தேடியபோது மியூஸியம் கண்ணில் பட்டது. அது நகரத்தின் சொத்து. ப்ரூகலின் கல்யாண நடனம் அங்கே இருக்கிறது. வான்கோவின் சுயசித்திரம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி வந்து, நகரப் பணத்தில் வாங்கிய படங்களுக்கு மட்டும் 45 கோடியிலிருந்து 87 கோடி டாலர் வரை மதிப்புப் போட்டது.

அந்த நவம்பரில், மத்தியஸ்தராக இருந்த நீதிபதி ஜெரால்ட் ரோஸன் அறக்கட்டளைத் தலைவர்களைக் கூட்டினார். மூடிய கதவுக்குப் பின்னால் பேச்சு நடந்தது. 2014 ஜனவரியில் ஒன்பது அறக்கட்டளைகள் 33 கோடி டாலர் தருவதாகச் சொல்லின. பிறகு சில சேர்ந்து 36.6 கோடியாயிற்று, இருபது ஆண்டுகளில் தவணையாக. ஃபோர்ட் 12.5 கோடி, க்ரெஸ்கி 10 கோடி, அதற்குப் பிறகு கெல்லாக், நைட், மாட் என்று வரிசை. மாநில அரசு 19.5 கோடி போட்டது. மியூஸியம் 10 கோடி திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது. இந்தப் பணம் முழுவதும் நகரத்து ஓய்வூதிய நிதிக்குப் போகும். பதிலுக்கு மியூஸியம் நகரத்தின் கையைவிட்டுத் தனி நிறுவனம் ஒன்றின் கைக்குப் போகும். இதற்கு அவர்களே வைத்த பெயர் ‘பெரும் பேரம்’. பெயரிலாவது நேர்மை இருக்கிறது.

நண்பர் சொல்லாமல் விட்டது ஓய்வூதியக்காரர்களை. துப்புரவுப் பணியாளர்கள், பஸ் ஓட்டியவர்கள், குமாஸ்தாக்கள் இவர்கள். சராசரி ஓய்வூதியம் ஆண்டுக்கு இருபதாயிரம் டாலருக்குள்தான். ஓய்வூதியம் என்பது யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. வேலை செய்த காலத்தில் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி. மிஷிகன் மாநிலத்தின் 1963-ம் ஆண்டு அரசியல் சட்டமே, சேர்ந்துவிட்ட ஓய்வூதியத்தைக் குறைக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. 2013 டிசம்பரில் திவால் நீதிமன்றம், குறைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான் அவர்களிடம் வாக்குச் சீட்டு நீட்டப்பட்டது. பேரத்துக்குச் சம்மதம் என்றால் பொது ஊழியர்களுக்கு 4.5 விழுக்காடு வெட்டு. விலைவாசி உயர்வுக்கான ஈடும் இல்லை. சம்மதமில்லை என்றால் வெட்டு 27 விழுக்காடு வரை போகலாம். சம்மதித்தால் மாநிலத்தின் மீது வழக்குப் போடும் உரிமையையும் விட்டுவிட வேண்டும். 2014 ஜூலையில் எண்ணிப் பார்த்தபோது பொது ஊழியர்களில் 73 விழுக்காடு சம்மதம் என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? அவர்களுடைய மருத்துவச் செலவுக்கு நகரம் கொடுத்திருந்த உறுதியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. அதைக் காப்பாற்ற எந்த மேஜையும் கூடவில்லை.

“அறக்கட்டளைகள் வராவிட்டால் 27 விழுக்காடு போயிருக்குமே!” என்று நண்பர் கேட்பார். போயிருக்கும். இதை நான் மழுப்ப விரும்பவில்லை. அந்தப் பணத்தால் ஏதோ ஒரு வீட்டில் ஒரு கிழவி வாடகை கட்டுகிறாள். அவளிடம் போய் இந்தக் கட்டுரையைப் படித்துக்காட்ட எனக்குத் தைரியம் கிடையாது. ப்ரூகல் விஷயத்திலும் என் யோக்கியதை இவ்வளவுதான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மலிவுப் பிரதியில் அந்தக் கல்யாண நடனத்தை எத்தனையோ இரவுகள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதை எவனோ ஒரு கோடீஸ்வரன் வாங்கிப் பெட்டகத்தில் பூட்டியிருந்தால் அழுதிருப்பேன். ஆகவே காப்பாற்றியது தவறு என்று நான் சொல்லவரவில்லை. என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி, பணத்தில் அல்ல.

தமிழில் ‘கடன்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கொடுக்க வேண்டிய பணமும் கடன். செய்ய வேண்டிய கடமையும் கடன். டெட்ராய்ட் அந்த ஊழியர்களுக்கு இரண்டு அர்த்தத்திலும் கடன்பட்டிருந்தது. அந்த மேஜையில் நடந்தது, கடன் கொடையாக மாறிய ரசவாதம். நேற்றுவரை கடன் கேட்க உரிமையுள்ளவனாக நின்றவன் இன்று நன்றி சொல்ல வேண்டியவனாக நிற்கிறான். அவன் வழக்குப் போட முடியாது. கணக்குக் கேட்க முடியாது. போட்டோவுக்கு நிற்கலாம். கொடையாளிகள் கூடுகிற இடமெல்லாம் இந்த ரசவாதம் நடக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. ‘சமூகப் பிரச்னை’ என்று பெயர் சூட்டப்பட்டவுடன் ஒரு விஷயம் யார் யாருக்குச் செய்த அநியாயம் என்ற கேள்வியிலிருந்து தப்பிவிடுகிறது. மழை பெய்யவில்லை, சமூகப் பிரச்னை வந்துவிட்டது என்பதைப் போல.

கொடுத்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1932 மார்ச் 7-ம் தேதி வேலையிழந்த தொழிலாளர்கள் ஃபோர்டின் ரூஷ் தொழிற்சாலையை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸும் கம்பெனிக் காவலர்களும் சுட்டார்கள். நால்வர் உடனே செத்தார்கள், ஐந்தாமவர் பின்னால். அடுத்த மாதம் டியேகோ ரிவேரா டெட்ராய்டில் வந்திறங்கினார். ஹென்றி ஃபோர்டின் மகன் எட்ஸெல் பணம் கொடுக்க, மியூஸியத்தின் உள்முற்றத்துச் சுவர்களில் அதே ரூஷ் தொழிற்சாலையை 27 பகுதிகளாக வரைந்தார். மகத்தான ஓவியம், இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அந்தச் சுவரில் அந்த ஐவர் இல்லை. 1935-ல் பெரும் சொத்துகளின் வாரிசு வரியை 70 விழுக்காடு வரை உயர்த்திச் சட்டம் வந்தது. 1936-ல் ஃபோர்ட் அறக்கட்டளை பிறந்தது. தகப்பனும் மகனும் செத்தபோது ஓட்டுரிமை இல்லாத பங்குகள் அறக்கட்டளைக்குப் போயின, ஓட்டுரிமையுள்ளவை குடும்பத்தில் தங்கின. கம்பெனியும் தப்பித்தது, தர்மமும் நடந்தது. 1953-ல் அறக்கட்டளை நியூயார்க்குக்குக் குடிபோயிற்று. அறுபது வருஷம் கழித்து 12.5 கோடியோடு ஊருக்குத் திரும்பியதை நண்பர் நாகரிகம் என்கிறார். அரசுக்குச் சேர வேண்டிய வரியில் ஒரு பகுதிதான் இப்படி அறமாக உருமாறி உட்கார்ந்திருக்கிறது. தனியார் அறக்கட்டளை ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காடு செலவழித்தால் சட்டத்துக்குப் போதும். மிச்சம் பங்குச் சந்தையில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

பக்கத்து ஊர் ஃப்ளின்டின் கதை இதைவிடத் துலக்கமானது. அங்கேயும் மாநிலம் அனுப்பிய அவசர நிர்வாகி. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாயில் ஈயம் வந்தது. 2015 அக்டோபரில் பழையபடி டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்ப, உள்ளூர் மாட் அறக்கட்டளை 40 லட்சம் டாலர் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளில் விளைந்த பணம். விஷம் கொடுத்தது அரசு. அதை நிறுத்தத் தர்மவான் வர வேண்டியிருந்தது. இதற்கு நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா?

அந்த மேஜையில் யார் உட்காரவில்லை என்று பாருங்கள். 2013 ஜனவரியில், திவாலுக்கு முன்பே, டெட்ராய்டின் எந்தப் பகுதியை வளர்ப்பது, எதைக் காடாகவும் குளமாகவும் விடுவது என்ற திட்டம் ஒன்று வெளிவந்தது. அதை நிறைவேற்ற ஐந்து ஆண்டுகளில் 15 கோடி டாலர் தருவதாக க்ரெஸ்கி அறிவித்தது. ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகளில் சேர்ந்த பணம், எந்தத் தெரு வாழ வேண்டும் என்ற பேச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. அதை யாரும் வாக்களித்து அங்கே உட்கார வைக்கவில்லை. யாரும் வாக்களித்து எழுப்பவும் முடியாது. 2014 கோடையில், பெரும் பேரத்தைப் பத்திரிகைகள் மெச்சிக்கொண்டிருந்த அதே மாதங்களில், 150 டாலரோ இரண்டு மாதமோ பாக்கி வைத்த வீடுகளில் தண்ணீரை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள். ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் வந்து கண்டித்துவிட்டுப் போனார்கள்.

உண்மையிலேயே கலையைக் காப்பாற்றியவர்களைப் பற்றி நண்பர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். 2012 ஆகஸ்டில், டெட்ராய்டும் அதைச் சுற்றியும் உள்ள மூன்று கவுண்டிகளின் மக்கள், மியூஸியத்தை நடத்தப் பத்து ஆண்டுகளுக்குத் தங்கள் சொத்துவரியை உயர்த்திக்கொள்ள ஓட்டுப் போட்டார்கள். காரில் ஸ்க்ரூ முடுக்கியவன் ப்ரூகலுக்கு வரி கொடுக்கச் சம்மதித்தான். தங்கள் பணம், தங்கள் ஓட்டு, தங்கள் மியூஸியம். இதைப் பற்றி நம் கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, நான் உட்பட. பெரும் தொகையும் பெரும் பெயரும் இருந்தால்தான் நமக்குப் புல்லரிக்கிறது.

புரவலர் மரபு நம் ரத்தத்தில் இருக்கிறது என்றும் நண்பர் சொன்னார். இருக்கிறது. ஆற்றுப்படை என்பதே இன்னாரிடம் போனால் கிடைக்கும் என்று வழிசொல்லும் பாட்டுத்தானே. அந்த மன்னர்களின் பொன்னும் பக்கத்து ஊரைக் கொளுத்திக் கொண்டுவந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெருஞ்சித்திரனாரை அதியமான் நேரில் பார்க்காமல் பரிசிலை மட்டும் அனுப்பினான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். இளவெளிமான் கொஞ்சமாகக் கொடுத்தபோது, அதை விட்டுவிட்டுக் குமணனிடம் போய், அங்கே பெற்ற யானையைக் கொண்டுவந்து இளவெளிமானுடைய காவல் மரத்தில் கட்டிவிட்டுப் போனார். கொடுப்பவனுக்கு ஒரு முகமும் ஒரு மரமும் இருந்தன. அவமானப்படுத்த முடிந்தது. அறங்காவலர் குழுவுக்கு எந்த மரம்? ஃபோர்ட் பணம் நமக்கும் புதிதல்ல. 1950-களில் சென்னையில் தென்மொழிகள் புத்தக டிரஸ்ட் அந்தப் பணத்தில்தான் நடந்து, நான்கு மொழிகளிலும் மலிவுப் புத்தகங்களுக்கு வழி செய்தது. நல்ல புத்தகங்களும் வந்தன. எந்தப் புத்தகம் வரலாம், எது வேண்டாம் என்று நமக்குத் தெரியாத ஓர் அறையில் ஒரு பேச்சு நடந்திருக்குமே, அதுதான் என்னை உறுத்துகிறது.

படிவத்தை நண்பர் என்னிடம் கொடுத்திருக்கிறார், நிரப்பச் சொல்லி. என் ஆங்கிலம் கொஞ்சம் தேவலை என்று காரணம். மூன்று நாளாக அது மேஜைமேல் கிடக்கிறது. பெயர், முகவரி, துவங்கிய ஆண்டு வரை எழுதிவிட்டேன். நான்காம் பக்கத்தில், இந்தப் பத்திரிகை எந்தச் சமூகப் பிரச்னையைத் தீர்க்கிறது என்று கேட்கிறார்கள்; அதற்குக் கீழே பயனாளிகளின் எண்ணிக்கை, ஆண், பெண் வாரியாக. சந்தா கட்டியவர்கள் 212 பேர். அவர்களில் பாதிப் பேர் நம்மைத் திட்டிக் கடிதம் எழுதுகிறவர்கள். இவர்களைப் பயனாளிகள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அச்சகத்துக்காரர் இன்று காலையும் போன் செய்தார். அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் படிவத்தையும் சந்தா நோட்டையும் இரண்டையும் எடுத்து வருகிறேன்.