மூலையில் நிற்கும் பேஸ் கிட்டார்: விக்கலாமா, வெச்சுக்கலாமா?

வெள்ளிக்கிழமை ராத்திரி. சென்னையில் வேலை முடித்து ரயில் பிடித்து, திருத்தணி வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பத்தைத் தொட்டுவிடுகிறது. சட்டையை மாட்டப் போனால், அலமாரிக்குப் பக்கத்தில் கறுப்புப் பைக்குள் அது நிற்கிறது. காலேஜ் படிக்கும்போது ஆசை ஆசையாக வாங்கிய பேஸ் கிட்டார். கடைசியாக எப்போது வாசித்தோம் என்று யோசித்தால், எந்த மாசம் என்பதே ஞாபகம் வருவதில்லை. “ஏம்பா, இதை வெச்சு என்னதான் பண்ணப் போற? இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது” என்கிறார் அம்மா. பழைய நண்பனிடம் வாட்ஸ்அப்பில் சொன்னால், “டேய் மச்சான், அதைப் போய் விப்பியா?” என்று பதில் வருகிறது.

இது ஒரே ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு கிடையாது. படிக்கிற காலத்தில் வாங்கிய வாத்தியம் வேலைக்குப் போனபின் மூலைக்குப் போவது, சின்ன ஊர்களிலிருந்து பெரிய நகரத்துக்குத் தினமும் போய் வரும் பல இளைஞர்களுக்குப் பழகின விஷயம். அம்மா இடத்தைப் பார்க்கிறார், நண்பன் நினைவைப் பார்க்கிறான். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு எடுக்க உதவும் கேள்வியை ரெண்டு பேருமே கேட்கவில்லை. இந்தக் கிட்டாருக்குத் துணை இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி.

பேஸ் ஏன் தனியாகப் பேசுவதில்லை?

சாதாரண கிட்டாரில் ஆறு கம்பி. பேஸ் கிட்டாரில் பொதுவாக நாலு. கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளுக்கு உள்ள அதே சுரங்கள்தான், ஒரு ஸ்தாயி கீழே. அதில் ஆகத் தாழ்ந்த கம்பியின் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரால் அந்த அளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகத் தரவே முடியாது. ஒரே பாட்டைப் போனில் நேராகக் கேட்டுவிட்டு, பிறகு நல்ல ஹெட்போனில் கேட்டால் புதுசாக ஒருத்தர் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவர்தான் பேஸ்.

இந்த வாத்தியம் பிறந்ததே கூட்டத்துக்காக. அமெரிக்காவில் ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த கலைஞர்களின் பாட்டைக் குறைக்கத்தான் 1951-ல் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ கொண்டுவந்தார். டிரம்ஸ், பித்தளைக் குழல்கள் எல்லாம் சத்தமாக முழங்கும் மேடையில் பேஸும் கேட்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தாளத்துக்கும் மெட்டுக்கும் நடுவில் நின்று ரெண்டையும் கட்டிப் பிடிப்பதுதான் அதன் வேலை.

தமிழ் சினிமா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. 1980-களின் இளையராஜா பாடல்களில் பாடகரின் குரலுக்குக் கீழே இன்னொரு மெட்டு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் பலவற்றுக்கு பேஸ் வாசித்த சசிதரன் பெயர் கேசட் அட்டையில் பெரும்பாலும் இருக்காது. ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் நீண்டகாலம் பேஸ் வாசித்தவர் சென்னையின் கீத் பீட்டர்ஸ். இவர்கள் வாசித்ததை மட்டும் தனியாகப் பிரித்து வீட்டுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினால், “பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?” என்றுதான் கேட்பார்கள். அதே பாட்டில் பேஸை எடுத்துவிட்டாலும் எல்லோருக்கும் ஏதோ குறைவது தெரியும்.

கிட்டார் வைத்திருப்பவர் தனியாக உட்கார்ந்து நாலு கார்டு போட்டுப் பாடிவிடலாம். கீபோர்டும் அப்படித்தான். பேஸ்காரருக்கு டிரம்ஸ் வேண்டும், பாட ஒருத்தர் வேண்டும். காலேஜில் இதெல்லாம் ஹாஸ்டல் கதவைத் தட்டினால் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் துபாய், ஒருத்தர் ஸ்ரீபெரும்புதூர் ஷிப்ட். சென்னைக்குச் சுமார் 85 கிலோமீட்டர் போய் வருகிறவருக்கு நாளில் மிஞ்சுவது சாப்பாடும் தூக்கமும்தான். உள்ளூர் மெல்லிசை மேடைகள் பலவற்றிலும் கீபோர்டுக்காரரின் இடது கையோ, முன்பே பதிவு செய்த டிராக்கோ பேஸின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆக, கிட்டார் மூலைக்குப் போனதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் என்று குற்ற உணர்ச்சியில் குமைய வேண்டியதில்லை. கூட்டம் கலைந்தது, வாத்தியம் அடங்கியது.

திருத்தணியைத் தொட்டுப் போகும் ஒரு குடும்பம்

துணை கிடைத்தால் ஒரு வாத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த ஊரோடு சேர்ந்த ஒரு வரலாறே இருக்கிறது. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கிருதியைப் பாடியது திருத்தணி முருகன் சன்னதியில் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மலைப்படி ஏறுகிறவர்கள் பலருக்கும் இந்தக் கதை தெரியும்.

அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் கதை அந்த அளவுக்குப் பரவவில்லை. அந்தக் குடும்பம் மணலியில் சின்னையா முதலியாரின் ஆதரவில் இருந்தபோது, சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு சகோதரர்களுக்குக் கிடைத்தது. அண்ணன் அந்த மெட்டுகளை வைத்து சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். இன்றைக்கும் பாட்டு கிளாஸ் குழந்தைகள் பாடும் ‘நோட்டுஸ்வரம்’ அப்படி வந்ததுதான். தம்பிக்கோ வயலின் மேல் ஆசை. முதலியார் ஓர் ஐரோப்பிய ஆசிரியரை ஏற்பாடு செய்தார். மேல்நாட்டு வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி என்று இன்று பாலுசுவாமியைத்தான் சொல்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் சீடரான தஞ்சை நால்வரில் ஒருவர் வடிவேலுவும் அதே வயலினைத் திருவிதாங்கூர் அரசவை வரை கொண்டுபோனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாலுசுவாமியின் திறமை பெரிசுதான். ஆனால் கற்றுத்தர ஒருத்தர், செலவைப் பார்க்க ஒருத்தர், கூடப் பாட வீடு நிறைய ஆட்கள் என்று எல்லாம் அவரைச் சுற்றி இருந்தது. அதே வயலின் அதே காலத்தில் தனி அறையில் மாட்டி இருந்தால், இன்று கச்சேரி மேடையில் அதற்கு இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மனசு ஏன் ஒப்புக்கொள்வதில்லை?

சரி, துணை இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்பவும் விற்பனை ஆப்பில் போட்டோ ஏற்றும்போது விரல் தயங்குகிறது. இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு விளக்கம் உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. கோப்பை வைத்திருந்தவர்கள் விற்கக் கேட்ட விலை, மற்றவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கோப்பை கைக்கு வந்து சில நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதற்கே அப்படி என்றால், முதல் பார்ட்-டைம் சம்பளத்தில் வாங்கிய கிட்டாருக்கு மனசு எத்தனை மடங்கு விலை போடும்?

இந்தப் பிடிப்பைத் தாண்டி யோசிக்க எளிமையான வழி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. இன்று அந்தக் கிட்டார் வீட்டில் இல்லை, அது விலைபோகக்கூடிய பணம் மட்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதைக் கொடுத்து இதே கிட்டாரை வாங்கத் தோன்றுமா? “ஆமா, உடனே” என்றால் விற்கக் கூடாது. “வேற நூறு செலவு இருக்கு” என்று தோன்றினால், பதில் கிடைத்துவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. விற்றது தப்பு என்று பின்னால் தெரிந்தால் நஷ்டம் எவ்வளவு? உதாரணத்துக்கு, பழைய கிட்டாரை 12,000 ரூபாய்க்கு விற்று, ரெண்டு வருஷம் கழித்து அதே மாதிரி ஒன்றை 16,000 ரூபாய்க்கு வாங்க நேர்ந்தால், அந்தத் தப்பின் விலை 4,000 ரூபாய். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் மாடலுக்கு இது பொருந்தும். அப்பா மேடையில் வாசித்தது, இனி கிடைக்காத பழைய மாடல் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதைத் திரும்ப வாங்கவே முடியாது என்பதால், சந்தேகம் இருக்கும்வரை வைத்திருப்பதே சரி. அவசரச் செலவுக்காக அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதும் வருத்தத்தில்தான் முடியும்.

சும்மா வைத்திருந்தாலும் செலவு உண்டு

“இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்குது?” என்பார்கள். கேட்கத்தான் செய்கிறது. பேஸின் நாலு கம்பியும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை எழுபது, எண்பது கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதைத் தாங்கத்தான் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் வெயில் செய்தியில் அடிபடும் ஊர் திருத்தணி. மொட்டைமாடி ஷீட் அறையில் மே மாசம் முழுக்கக் கிட்டாரை வைத்தால் மரம் வளையும், ஒட்டிய இடம் விடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கம்பியும் திருகும் துருப்பிடிக்கும். பேட்டரி போடுகிற மாடலாக இருந்தால், மறந்துபோன 9 வோல்ட் பேட்டரி கசிந்து உள்ளே அரித்துவிடும். வாசிக்கிறவர் கையில் இருந்தால் இதெல்லாம் ஆரம்பத்திலேயே கண்ணில் படும். பைக்குள் இருந்தால் விற்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

வைத்துக்கொள்ளும் முடிவு என்றால் வெயில் படாத உள்ளறையில், வெளிச்சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கம்பியைக் கொஞ்சம் தளர்த்தலாம், மொத்தமாக அவிழ்க்கக் கூடாது.

விற்கும் முடிவு என்றால் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் ஆப் இல்லை. பக்கத்து ஊர் மெல்லிசைக் குழு, சர்ச் பாடகர் குழு, அரக்கோணம், திருவள்ளூர் பக்கத்து இசை வகுப்பு, காலேஜ் ஜூனியர்கள். திருத்தணிக்கு இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம் திருப்பதி என்பதால் ரெண்டு மொழிக் குழுக்களிடமும் கேட்கலாம். ஆப்பில் போட்டால் ஒன்றை மறக்கக் கூடாது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. “இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வந்துடும்” என்று யாராவது சொன்னால் அது திருட்டு. இது பலருக்கும் தெரியும், ஆனாலும் நல்ல விலை சொல்லும் குரலைக் கேட்டதும் கை தானாகப் பின்னை அடித்துவிடுகிறது. வரி பற்றிய பயம் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம் போன்ற சில பொருட்களுக்குத்தான் அந்த வரி.

அப்போ முடிவு?

மூணு மாசம் கெடு வைப்பது நியாயமாக இருக்கும். முதல் வாரத்தில் புதுக் கம்பி மாட்டிச் சரி செய்ய வேண்டும். அதன்பின் துணை தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிக்கிற ரெண்டு பேர் கிடைத்தால் போதும். யாரும் கிடைக்காவிட்டாலும், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழைய பாட்டோடு சேர்ந்து கால்மணி நேரம் வாசிப்பதில் ஒருவருக்குச் சந்தோஷம் இருந்தால், பதிவில் இருக்கும் இசைக்கலைஞர்களே துணைதான். அப்படிப்பட்டவரிடம் போய் “மேடை ஏறினால்தான் வாத்தியம்” என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. மூணு மாசத்தில் ரெண்டும் நடக்கவில்லை என்றால் விற்றுவிடுவதே நல்லது. அதில் தோல்வி எதுவும் இல்லை. காலேஜ் மேடையில் வாசித்த அந்த ராத்திரிகள் கிட்டாரோடு சேர்ந்து பார்சலில் போய்விடாது.

“வாத்தியம் சரஸ்வதி, விக்கக் கூடாது” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம். அவர்களுக்குப் பதில் அந்தப் பூஜையிலேயே இருக்கிறது. சரஸ்வதி பூஜை அன்றைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து வாத்தியத்தைத் தொடாமல் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்கு அதை எடுத்து வாசித்தாக வேண்டும், அதுதான் முறை. வருஷா வருஷம் பொட்டு வைத்து மறுநாளும் எடுக்காமலே பைக்குள் போகிற வாத்தியத்தை, அடுத்த விஜயதசமிக்குள் எடுத்து வாசிக்கிற ஒரு கைக்குக் கொடுத்துவிடலாம்.