பழுதான தராசும் சரக்குதான்



இலஞ்சி, தென்காசிக் கடைகளில் எலக்ட்ரானிக் தராசும் பில் போடும் இயந்திரமும் வந்து பல காலம் ஆகிறது. பழுதானால் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் முறையற்ற பட்டறைகளுக்கே போகிறது. அங்கே செம்புக்காக வயரை எரிப்பார்கள். தங்கத்துக்காகச் சர்க்யூட் அட்டையை அமிலத்தில் முக்குவார்கள். வேலை செய்பவருக்கும் நிலத்தடி நீருக்கும் கேடு.

இதற்கு மாற்று உண்டு. தோசை மாவைப் புளிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். வேறு சில நுண்ணுயிர்கள் உலோகத்தையே கரைக்க வல்லவை. அசிடிதயோபாசிலஸ் என்ற பாக்டீரியாவின் உதவியால் அட்டைத்தூளிலுள்ள செம்பு கரைந்து பிரிகிறது. தாதுவிலிருந்து செம்பு எடுக்கச் சுரங்கங்களில் இம்முறை முன்பே பயன்படுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே.ஏ.நடராஜன் இத்துறையில் பல்லாண்டு ஆராய்ந்தவர்.

இதில் குறையும் உண்டு. வேலை முடிய நாட்கணக்கில் ஆகும். அட்டையிலுள்ள நச்சு பாக்டீரியாவையே முடக்கலாம். ஆனாலும் எந்த முறைக்கும் முதல் தேவை சரக்கு. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதமே.

2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, பதிவு பெற்ற நிறுவனமே இதை மறுசுழற்சி செய்யலாம். ஒற்றைத் தராசுக்காக எந்த நிறுவனமும் நம் ஊருக்கு வராது. சில்லறைக்கும் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? சங்கக் கட்டிடத்தில் ஒரு பெட்டி வைப்போம். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக விலை பேசிக் கொடுப்போம். வரும் பணம் சங்க நிதிக்கே சேரட்டும்.