கரி வாரியவன் கோமாளியா?

சிரிப்புக்கு நாம் பகைவரல்லர். எதைக் கண்டு சிரிக்கிறோம் என்பதே நம் கேள்வி.

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில் ஓடிய 'பஃபர்' என்னும் சிறு நீராவிச் சரக்குக் கப்பலை, இலக்கியமும் திரையும் ஒரு விகடப் பொருளாகவே உலகுக்கு அறிமுகஞ் செய்தன. நீல் மன்றோ 1905இல் கிளாஸ்கோப் பத்திரிகையொன்றில் எழுதத் தொடங்கிய 'பரா ஹண்டி' கதைகளிலே கப்டன் வாய்வீச்சுக்காரன். எஞ்சின்காரன் மலிவு நாவல் படித்து உருகுபவன். 1954இல் வந்த 'மாகி' திரைப்படமும் அவ்வழியதே.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படைக்கு இக்கப்பல் தேவைப்பட்டபோது எவரும் சிரிக்கவில்லை. அதே அமைப்பில், 66 அடி நீளத்தில், 'விக்' என்ற வரிசைக் கப்பல்கள் பெயரின்றி எண்ணிட்டுக் கட்டப்பட்டன. எண்ணெய் கடல் கடந்து வரவேண்டியது. நிலக்கரியோ உள்நாட்டிற் கிடைத்தது. ஆகவே கரியே அவற்றின் எரிபொருளாயிற்று. போர்க்கப்பல்களுக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டு சென்றவை இவையே.

போர் முடிந்தபின் பல வணிகருக்கு விற்கப்பட்டன. ஹெப்ரிடீஸ் தீவுகளில் இறங்குதுறை இல்லாத இடங்கள் மிகுதி. அங்கெல்லாம் நீர் பெருகும் வேளையில் கப்பலை மணற்கரையில் ஏற்றுவர். வற்று வந்ததும் தட்டையான அடிப்பாகம் மணலில் அமரும். வண்டிகள் அருகே வந்து நிற்கும். கீழே சரக்கறையில் நிற்பவன் சவளால் கரியை வாளியில் நிரப்புவான். நீராவிப் பாரந்தூக்கி அதனை மேலே இழுக்கும். மீண்டும் நீர் பெருகுமுன் இயன்றமட்டும் இறக்கியாக வேண்டும். நள்ளிரவில் வற்று வந்தால் நள்ளிரவிலேயே வேலை. மூவரோ நால்வரோதான் கப்பலில் இருந்தோர். ஓட்டியவரும் அவரே, இறக்கியவரும் அவரே. அணியத்தின் ஒடுங்கிய அறையில் சமைத்து உண்டு உறங்கியவரும் அவரே.

மன்றோ, பிறர் எழுதாத மனிதரை எழுதினார் என நண்பர்கள் வாதிப்பர். மெய்தான், அவர்தம் பேச்சுக்கு அச்சில் இடமளித்தது சிறு செயலன்று. ஆனால் தந்திரத்துக்கும் குடிக்கும் கிடைத்த பக்கங்களில் பாதியேனும் அந்தச் சவளுக்குக் கிடைத்ததா?

1943இல் போருக்கெனக் கட்டப்பட்ட விக் 27, பின்னர் 'ஓல்ட் ரீக்கி' எனப் பெயர் மாறி, 1994இல் பீபீசீயின் தொலைக்காட்சித் தொடரில் பரா ஹண்டியின் கப்பலாகவே வேடமிட்டது! அதே ஆண்டிற் கட்டப்பட்ட விக் 32, 1975க்குப் பின் புதுப்பிக்கப்பட்டு, விடுமுறைப் பயணிகளை ஏற்றிச் சென்றது. விரும்பிய பயணி உலைக்குக் கரி வாரிப் போடவும் செய்தார். கூலிக்குக் கரி வாரியவன் நின்ற இடத்தில், காசு கொடுத்தவர் களிப்புக்காக நின்றார்.

கப்பல்களைக் காத்தவரை நாம் குறைகூறோம். கொதிகலனும் எஞ்சினும் காக்கப்பட்டன. அவற்றின் முன் வியர்த்தவனுடைய கூலியையும் வேலை நேரத்தையும் எழுத ஒரு நாவலாசிரியன் முன்வரட்டும் என்றே கேட்கிறோம்.