நமக்குப் பின் கடை நடக்க வேண்டாமா?

நாற்பது வருடம் கட்டிக் காத்த கடை, முதலாளி கண்மூடியதும் பூட்டிக் கிடப்பதைப் பல கடைவீதிகளில் பார்க்கிறோம். சரக்கு இருக்கிறது, வாடிக்கை இருக்கிறது, கல்லாவில் உட்கார மகனும் இருக்கிறான். செக்கில் கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. வருடம் தவறாமல் ஐந்தொகை எடுக்கும் நாம், நமக்குப் பின் என்ன என்பதற்கு மட்டும் கணக்குப் போடுவதில்லை.

சென்னையில் சொத்துள்ளவர்களுக்குப் புரொபேட் என்றாலே பயம் இருந்தது. உயிலை விருதுநகரில் எழுதியிருந்தாலும், அதில் சென்னை நகரத்துக் கிடங்கு ஒன்று இருந்தால், அதற்கு நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பித்துச் சான்று பெற்றாக வேண்டும் என்பது இந்துக்களுக்கு விதி. 1925-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் அந்த 213-வது பிரிவைப் பாராளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டது. வரவேற்கிறோம். ஆனால், ‘இனிக் கவலையில்லை’ என்று சில அன்பர்கள் பேசுவதை ஏற்பதற்கில்லை. நீங்கியது கட்டாயம், வழக்கு நீங்கிவிடவில்லை. பிள்ளைகளில் ஒருவர் உயிலை மறுத்தால், அதை நிரூபிக்கும் பாரம் உயிலைக் காட்டுகிறவர் தலையில்தான்.

ஆகவே உயிலைச் சரியாக எழுதுவோம். முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்துப் பெறாதவராக, நம்மைவிட வயதில் இளையவராகச் சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். பதிவு கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் முன் பதிவது பிற்காலச் சந்தேகத்தைக் குறைக்கும்.

உயிரோடிருக்கும்போதே மாற்றிவிட விரும்பினால் தான செட்டில்மென்ட் இருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாயாக்கப்பட்டது. ஆனால் எழுதிக் கொடுத்ததை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. கிடங்கைக் கொடுங்கள், குடியிருக்கும் வீட்டைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள் என்பதே நம் கருத்து. கொடுப்பதிலும், ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிக்கத் தவறினால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவின்படி அதை ரத்து செய்யக் கோரலாம்.

கடைக்கு வருவோம். தனியொருவர் பெயரிலுள்ள கடையின் ஜி.எஸ்.டி. பதிவு அவரோடு முடிகிறது. வாரிசு புதிதாகப் பதிய வேண்டும். கூட்டு வணிகத்தில், 1932-ம் ஆண்டுச் சட்டப்படி, வேறு ஏற்பாடு எழுதியிராவிட்டால் ஒரு பங்குதாரர் மறைந்ததும் கூட்டே கலைந்துவிடும். இருவர் மட்டுமே பங்குதாரர்கள் என்றால், எழுதி வைத்தும் பயனில்லை. ஒருவர் தனியே கூட்டு நடத்த முடியாதல்லவா? மகனையோ மகளையோ மூன்றாவது பங்குதாரராகச் சேர்த்து, ‘மரணத்தால் கூட்டு கலையாது’ என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வங்கிக் கணக்குகளுக்கு நியமனதாரர் பெயரைக் கொடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். தனியொருவர் கடையின் நடப்புக் கணக்குக்கும் இது உண்டு. ஆனால் நியமனதாரர் பணத்தை வாங்கி வைப்பவரே ஒழிய உரிமையாளர் அல்லர் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியமனம் ஒருவருக்கு, உயில் வேறொருவருக்கு என்றிருந்தால் சண்டைக்கு நாமே வித்திட்டவர்களாவோம்.

பாக்கிகளைப் பேரேட்டில் எழுதுங்கள். மனக்கணக்கு நம்மோடு போய்விடும். பாக்கிதாரர் மறுத்து வழக்கென்று வந்தால், டிக்ரி பெறத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போதாது. நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று வேண்டும்.

உயில் இல்லையேல், மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாயார், எல்லோருக்கும் சம பங்கு. ‘பெண்ணுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே’ என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது. யாருக்கு எது, ஏன் என்பதை மகள்களையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவதே மேல். பல வழக்குகளின் வேர், பங்கு குறைந்தது என்பதைவிட, தகப்பனார் தம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற மனக்குறைதான்.

நாம் சொன்னவை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு. மற்றவர்கள் தத்தம் சட்டமறிந்த வழக்கறிஞரைக் கேட்பது நலம். நமது சங்கமும் ஆண்டுக்கொரு முறை வழக்கறிஞரை அழைத்து உறுப்பினர்களுக்கு ஆலோசனை முகாம் நடத்த வேண்டும். புதுக்கணக்கு போடும் ஒவ்வொரு வருடமும் உயிலையும், கூட்டு ஒப்பந்தத்தையும், நியமனங்களையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். ஒரு நாள் வேலைதான்; பிள்ளைகள் பத்து வருடம் கோர்ட்டு வாசலில் நிற்பது மிச்சமாகும்.