செத்தால் நிவாரணம், பிழைத்தால் ஆயிரம் ரூபாய்: தவறான கைதுக்கு யார் பொறுப்பு?

எந்தக் காரணமும் இல்லாமல் போலீஸ் உங்களைக் கைது செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீதித்துறை நடுவரும் விசாரித்து, இந்தக் கைதுக்கு முகாந்திரமே இல்லை என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு என்ன இழப்பீடு கிடைக்கும்?

அதிகபட்சம் 1,000 ரூபாய். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 358ஆம் பிரிவாக இருந்தது இது. காலனியச் சட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்று ஒன்றிய அரசு பெருமையடித்துக்கொண்டு கொண்டுவந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 399ஆம் பிரிவாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எண் மாறியது, தொகை மாறவில்லை. அந்த ஆயிரத்தைக்கூட போலீஸ் தர வேண்டியதில்லை. புகார் கொடுத்துக் கைதுக்குக் காரணமானவர்தான் தர வேண்டும். கைது செய்த கைக்கு எந்தச் செலவும் இல்லை.

காவல் வன்முறை என்றதும் நாம் கேட்பது பணியிடை நீக்கம், கொலை வழக்கு, சிபிஐ விசாரணை. இவை நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் இவையெல்லாம் குற்றவியல் பக்கம். ஒருவரைத் தவறாகப் பிடித்து அடைத்தவர், அதனால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டியே தீர வேண்டும் என்கிற உரிமையியல் பொறுப்பைப் பற்றி நமது மேடைகளில் பேச்சே இல்லை. பேச வேண்டும் என்கிறேன். ஏனென்றால் லாக்கப் மரணம் என்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான ‘சும்மா ஒரு விசாரணை’கள் இருக்கின்றன.

விருத்தாசலத்திலிருந்து ஒரு வழக்கு

விருத்தாசலத்தை வெளியூர்க்காரர்கள் பழமலைநாதர் கோயிலாலும் பீங்கான் தொழிற்பேட்டையாலும் அறிவார்கள். கொலு பொம்மையிலிருந்து மின்கம்பத்துப் பீங்கான் வரை களிமண்ணைச் சுட்டுப் பிழைக்கும் ஊர். அந்த வட்டாரத்து முதனை கிராமத்தைச் சேர்ந்தவர் ராஜாக்கண்ணு. குறவர் சமூகம். அறுவடைக் கூலி வேலைக்குப் போன இடத்தில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. 1993 மார்ச்சில் கம்மாபுரம் போலீஸ் அவரைத் தேடியது. குடும்பத்தாரையும் தூக்கிக்கொண்டு போனது. ஸ்டேஷனில் அடித்தே கொன்றார்கள். பிறகு, ‘கைதி தப்பி ஓடிவிட்டார்’ என்றார்கள். உடல் மீன்சுருட்டிப் பக்கம் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தது.

மனைவி பார்வதி விடவில்லை. இடதுசாரித் தோழர்கள் துணை நின்றார்கள். வழக்கறிஞராக இருந்த கே.சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் சொல்லி முடிக்க 2006 ஆகிவிட்டது. பதின்மூன்று வருடங்கள். 2021இல் ‘ஜெய் பீம்’ படமாக வந்தபோது நாடே அழுதது. படத்தில் அவர் இருளர் ஆக்கப்பட்டார், குறவர் என்கிற அடையாளம் காணாமல் போனது என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

நமக்கு இங்கே வேண்டியது வேறொன்று. அதே 1993 மார்ச், 24ஆம் தேதி. உச்ச நீதிமன்றம் நீலாபதி பெஹெரா வழக்கில் தீர்ப்புச் சொல்கிறது. ஒடிசாவில் 22 வயது மகனைப் போலீஸ் பிடித்துப்போக, மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடக்கிறது. ‘கட்டிய கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு தப்பி ஓடினான், ரயிலில் அடிபட்டான்’ என்றது போலீஸ். தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற நீதிமன்றம், அரசு 1,50,000 ரூபாய் தர வேண்டும் என்றது. இது தனியார் வழக்கில் கேட்கும் நஷ்டஈடு மாதிரி அல்ல, அடிப்படை உரிமையைப் பறித்ததற்கான அரசியல் சட்டப் பரிகாரம், இங்கே ‘அரசுக்கு விலக்கு’ என்கிற வாதம் எடுபடாது என்றும் தெளிவாகச் சொன்னது.

ஒடிசாவிலும் கம்மாபுரத்திலும் ஒரே வசனம்: தப்பி ஓடிவிட்டார். இன்றைக்கு ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்று மாவுக்கட்டுப் போட்டுப் படம் காட்டுகிறார்கள். நாடு முழுக்க ஸ்டேஷன்கள் ஒரே கதையை எழுதுகின்றன என்றால், அந்தக் கதைக்கு எந்தச் செலவும் இல்லை என்பதுதான் காரணம்.

உயிரோடு இருப்பவருக்கு என்ன வழி?

1965இல் சட்ட இதழ்களில் வெளியான கஸ்தூரிலால் வழக்குத் தீர்ப்பு சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பது. 1947இல் மீரட்டில் ஒரு நகை வியாபாரியைப் போலீஸ் பிடித்து அவரது தங்கத்தைப் பறிமுதல் செய்தது. தலைமைக் காவலர் அந்தத் தங்கத்தோடு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். போலீஸ் அலட்சியமாக இருந்தது உண்மைதான், ஆனாலும் கைதும் பறிமுதலும் அரசின் இறையாண்மைச் செயல்கள், எனவே அரசு பணம் தர வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கோட்பாடு இது. தங்க வியாபாரிக்கே இந்தக் கதி என்றால் கூடை முடைபவருக்கு என்ன கதி?

இந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டது 1983ஆம் ஆண்டின் ருதுல் ஷா வழக்கு. பீகாரில் விடுதலையான பிறகும் 14 ஆண்டுகள் சிறையில் கிடந்தவருக்கு மொத்தம் 35,000 ரூபாய். அடுத்து 1985இல் பீம் சிங் வழக்கு. ஜம்மு காஷ்மீர் சட்டமன்ற உறுப்பினரை அவைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்ததற்கு 50,000 ரூபாய். பதினான்கு வருடச் சிறைக்கு 35,000, ஒரு எம்எல்ஏவைச் சில நாள் அடைத்ததற்கு 50,000. இழப்பைக் கணக்கிட ஒரு அளவுகோல் இல்லாவிட்டால், யார் அடைபட்டார் என்பதே அளவுகோல் ஆகிவிடும்.

கதவு திறந்தது, ஆனால் குறுகலாக. 2006இல் சூபே சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் வைத்தது. உரிமை மீறல் மறுக்க முடியாதபடி வெளிப்படையாக இருக்க வேண்டும், சித்திரவதை என்றால் மருத்துவ அறிக்கையோ தழும்போ வேண்டும் என்பது அதன் சாரம். போலீஸ் மறுத்தால்? ‘உண்மை எது என்பதே தகராறில் இருக்கிறது, சிவில் கோர்ட்டுக்குப் போ’ என்று அனுப்பிவிடலாம்.

இந்த இடத்தில்தான் நமது மக்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கைதே தகராறுக்கு உரியதாக மாறுவது எப்படி? போலீஸ்தான் அதை அப்படி ஆக்குகிறது. அழைத்துப்போனது இரவில். பதிவேட்டில் ஏறுவது மூன்றாம் நாள். இடைப்பட்ட நேரத்துக்குப் பெயர் ‘விசாரணை’. டி.கே.பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிய கைதுக் குறிப்பு அந்த இரண்டு நாளுக்கு இருக்காது. எழுதும் பேனா போலீஸ் கையில், எழுதப்படாததை நிரூபிக்கும் சுமை அடிவாங்கியவர் தலையில்.

சிவில் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? சட்டவிரோதச் சிறைவைப்புக்கு வழக்குப் போட விடுபட்ட நாளிலிருந்து ஓர் ஆண்டுதான் கெடு. அரசு மீது வழக்கென்றால் முதலில் இரண்டு மாத நோட்டீஸ். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம். தினக்கூலிக்காரர் வாய்தாவுக்கு வருகிற நாளெல்லாம் கூலி போகும். அதே ஸ்டேஷன் எல்லைக்குள்தான் அவர் குடியிருக்கவும் வேண்டும். அடுத்த திருட்டுக்கு அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இரண்டு 1871கள்

இந்தக் கதவுதட்டலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1871 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு குற்றப்பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறப்பாலேயே குற்றவாளி என்றது அது. திருட்டு நடந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்குச் சாட்சியம் வேண்டாம், சாதி போதும். பிறப்பை வைத்துத் தொழிலையும் இழிவையும் நிர்ணயித்த சாதியத்துக்கு இந்த வாதம் புதிதல்ல. பிரிட்டிஷார் முத்திரை மட்டும் குத்தினார்கள்.

அதே 1871 ஏப்ரலில் அமெரிக்காவில் வேறொரு சட்டம் வந்தது. கூ க்ளக்ஸ் க்ளான் சட்டம் என்று பெயர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் உரிமையை, மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தி எவர் பறித்தாலும் அவர் மீது நேரடியாக நஷ்டஈட்டு வழக்குப் போடலாம் என்றது அது. தொண்ணூறு வருடம் தூங்கியது. 1961இல், சிகாகோவில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை உடைத்து நுழைந்த போலீஸ் மீதான மன்றோ வழக்கில் உயிர்பெற்றது. அமெரிக்கா சொர்க்கமல்ல. அதிகாரிகளுக்கு விலக்குத் தரும் கோட்பாட்டை அவர்களது நீதிமன்றங்களே பிறகு வளர்த்தெடுத்தன, கொலைகளும் நிற்கவில்லை. ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். ஒடுக்கப்பட்டவர் கையில் அதிகாரிக்கு எதிராக ஒரு வழக்கை அந்த 1871 கொடுத்தது. நமது 1871 ஒடுக்கப்பட்டவர் மீதே வழக்கைப் போட்டது.

நம்மை ஆண்ட இங்கிலாந்து தன் ஊரில் என்ன செய்கிறது? இரவு விடுதி வாசலில் ஒருவரைப் பிடித்து ஒரு மணி நேரம் அடைத்துவைத்தாலும், அந்தக் கைது சட்டப்படியானது என்று நிரூபிக்க வேண்டியது போலீஸ்தான். முடியாவிட்டால் அவர்களது தலைமை அதிகாரி பதில் சொல்ல வேண்டும். 1997இல் தாம்ப்சன் வழக்கில் நீதிமன்றம் ஒரு கணக்கே போட்டது: முதல் மணி நேரத்துக்கு 500 பவுண்டு, 24 மணி நேரத்துக்கு 3,000 பவுண்டு அளவில். அடிக்கவில்லையே, சாகவில்லையே என்று அங்கே கேட்பதில்லை. அடைத்ததே குற்றம், அதற்கே காசு.

‘போலீஸ் வேலை செய்ய வேண்டாமா?’

பொறுப்பு வைத்தால் போலீஸ் பயந்து ஒதுங்கிவிடும் என்பார்கள். மருத்துவர் தவறு செய்தால் நஷ்டஈடு, பேருந்து மோதினால் நஷ்டஈடு. அதனால் மருத்துவமனைகளும் போக்குவரத்துக் கழகமும் மூடிக்கிடக்கவில்லை. ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனையுள்ள வழக்குகளில் தேவையின்றிக் கைது செய்யாதே என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. அப்படியும் இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். போலீஸ் இன்னும் கொஞ்சம் தயங்கினால் யாருக்கு நட்டம்?

நமது தோழர்களிடமிருந்து வரும் தயக்கம் இதைவிடக் கனமானது. பணம் வாங்குவது உயிருக்கு விலை பேசுவது ஆகாதா? ஒவ்வொரு லாக்கப் மரணத்துக்குப் பிறகும் காசோலையோடும் அரசு வேலையோடும் பட்டாவோடும் அதிகாரிகள் வந்து, உடலை வாங்கச் சொல்லிப் பேச்சுவார்த்தை நடத்துகிறார்களே? உண்மைதான். ஆனால் அது நிவாரணம். கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது, தப்பை ஒப்புக்கொள்ளாமல் கொடுப்பது. இழப்பீடு அப்படியல்ல. ‘நீ தவறு செய்தாய்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டு வாங்குவது. கொலை வழக்குக்கு அது மாற்றல்ல. அதோடு சேர்ந்து நடக்க வேண்டியது.

யார் பையிலிருந்து என்பதும் முக்கியம். வாச்சாத்தி வழக்கில் 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. 1992இல் நடந்த கொடுமைக்கு 31 வருடம் தாமதம் என்றாலும், நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இது.

தமிழ்நாடு செய்ய முடியும்

இதற்கு ஒன்றிய அரசின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நஷ்டஈட்டுக்குரிய தீங்குகள் பொதுப் பட்டியலின் 8ஆம் இனம். சமூகநீதி அரசு என்று சொல்லிக்கொள்கிற எவரும் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவரலாம். அதில் என்ன வேண்டும்?

ஒன்று, ஸ்டேஷன் வாசலைத் தாண்டிய நிமிடத்திலிருந்து கணக்கு. ‘விசாரணை’ என்று பெயர் வைத்தாலும் சட்டவிரோதமாக அடைத்துவைத்த ஒவ்வொரு மணிக்கும் நாளுக்கும் குறைந்தபட்சத் தொகை எழுதப்பட வேண்டும்.

இரண்டு, நிரூபிக்கும் சுமை போலீசுக்கு. எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கேமரா ‘பழுது’ என்றாலோ கைதுக் குறிப்பு இல்லை என்றாலோ, பிடிபட்டவர் சொல்வதே உண்மை எனக் கொள்ள வேண்டும்.

மூன்று, அரசு முதலில் கொடுக்கட்டும், பிறகு பொறுப்பான அதிகாரியிடம் பிடிக்கட்டும். மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. அந்த வழி ஏற்கனவே திறந்திருக்கிறது.

நான்கு, மாவட்டத்திலேயே, கட்டணமில்லாமல், சட்ட உதவியோடு வழக்கு. குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் சீர்மரபினர் பட்டியலில் இருப்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்கூட அவர்களுக்கு எட்டுவதில்லை. இந்தச் சட்டமாவது சாதிச் சான்றிதழ் கேட்காமல் எல்லோருக்கும் எட்ட வேண்டும்.

ஐந்து, யாரைப் பிடித்தார்கள், எத்தனை பேர் மீது வழக்கு நிற்கவில்லை என்ற கணக்கைச் சமூகவாரியாக ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். எந்தச் சாதியின் கதவு இரவில் தட்டப்படுகிறது என்று அரசே தன் கையால் எழுதட்டும்.

அரசியல் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என்று 32ஆம் உறுப்பை அண்ணல் அம்பேத்கர் சொன்னார். பரிகாரம் இல்லாத உரிமை வெறும் எழுத்து என்பது அவருக்குத் தெரியும். தேர்தல் அறிக்கைக் காலத்தில் நம்மிடம் கருத்துக் கேட்டு வரும் கட்சிகளிடம் இந்த ஐந்தையும் எழுதிக் கொடுப்போம். ஆதரிக்க முடியாது என்பவர்கள், அந்த ஆயிரம் ரூபாய் போதும் என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகட்டும்.