கைப்பட எழுதிய அத்தியாயம்

வேளிமலைக் குமாரசுவாமி நவராத்திரிக்கென்று எழுந்தருளி நமது ஆரியசாலைக் கோயிலில் தங்கியிருக்கும் நாட்களில், கம்பர் பூஜித்ததென்று ஐதிகமுள்ள பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலு வீற்றிருக்க, இப்பக்கத்து வீடுகளிலும் புத்தகங்கள் பூஜைக்கு ஏறிவிடுகின்றன. பிறகு விஜயதசமிக் காலையில் பூஜையெடுக்கும் வரையில் எழுத்தைக் கண்ணால் பார்க்கலாகாது என்பது நியதி. இவ்வாண்டு நாம் போயிருந்த ஒரு வீட்டில், பட்டு விரித்த மணையின்மேல், கீதைக்கும் பேரப்பிள்ளையின் கணக்குப் புத்தகத்துக்கும் அடியில், மூலைகள் நைந்த ஐந்து தடித்த பைண்டு புத்தகங்கள் இருந்தன. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் கிழித்துச் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்த பிரதி அது.

பூஜையெடுத்த அன்று புரட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. மணியத்தின் சித்திரங்களைப் பார்த்துக்கொண்டே போகையில், இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில் அச்செழுத்து சட்டென்று நின்று, கோடு போட்ட நோட்டுத்தாள்கள் ஏழில் நீல மசியால் நெருக்கி எழுதிய கையெழுத்து தொடங்கிற்று. அந்த வாரத்துப் பிரதி எப்படியோ தவறிப்போக, அப்போது புதுமணப்பெண்ணாக இங்கு வந்திருந்தவரும் இப்போது தொண்ணூறை எட்டிப் பார்ப்பவருமான அவ்வீட்டு ஆச்சி, இரண்டு வீடு தள்ளிப் போய்க் கதையைக் கேட்டுவந்து, தம் வாக்கிலேயே அத்தியாயத்தை எழுதிச் சேர்த்துத் தைத்துவிட்டாராம். "கதையை அந்தரத்துல விடப்பிடாதுல்லா?" என்றார். அசலில் உள்ளதைவிட அந்த ஏழு தாள்களில் வந்தியத்தேவன் அதிகமாக வாயாடுகிறான் என்பது பேத்தியின் புகார்.

அந்தத் தாள்கள் நம்மைப் பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸுக்கு இட்டுச் சென்றன. ஒனொரே துர்ஃபே என்ற பிரபு, லிஞோன் ஆற்றங்கரை இடையர்களின் காதலைச் சொல்லும் 'அஸ்த்ரே' என்னும் நவீனத்தை 1607இல் வெளியிடத் தொடங்கி, பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் முடிக்காமலே காலமானார்; மிச்சத்தைப் பூர்த்தி செய்தவர் அவருடைய காரியதரிசி பரோ. அதற்கு முந்தைய ஆண்டில் ஜெர்மானிய இளவரசர்களும் சீமாட்டிகளுமாக நாற்பத்தெட்டுப் பேர் ஒரு சபை அமைத்து, கதாபாத்திரங்களின் நாமங்களைத் தமக்கே சூட்டிக்கொண்டு, கதையைச் சீக்கிரம் முடித்தருள வேண்டுமென்று ஆசிரியருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். குந்தவை என்றும் அருள்மொழி என்றும் குழந்தைகளுக்குப் பெயரிட்ட நம்மவர்களுக்கு அந்த நாற்பத்தெட்டுப் பேரைப் பார்த்துச் சிரிக்க அதிகாரமில்லை.

அடுத்த தலைமுறையில் மத்லேன் தெ ஸ்குதேரி என்ற மாது, தம் சகோதரன் பெயரில், 1649 முதல் 1653 வரை பத்துப் பாகங்களாகப் பிரசுரித்த 'மகா சைரஸ்' 13,095 பக்கங்கள் கொண்டது. பாரசீகச் சக்கரவர்த்தி அபகரிக்கப்பட்ட காதலியைத் தேடி ஆசியா முழுவதும் அலையும் அந்தக் கதையில், சைரஸின் உருவில் படைத்தலைவர் கோந்தேயையும் நாயகியின் உருவில் அவருடைய சகோதரியையும் பாரிஸ் நகரத்தார் அடையாளம் கண்டார்கள். யுத்தத்தை நடுவழியில் நிறுத்திவிட்டு, பொறாமை பெரிதா பிரிவு பெரிதா என்று பாத்திரங்கள் பக்கம் பக்கமாகத் தர்க்கிப்பார்கள். உள்ளதைச் சொன்னால், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே படிப்பவனுக்கு அது பெருஞ்சலிப்பு. ஆனால் அது அவ்வாறு படிக்கப்படுவதற்காக எழுதப்பட்டதன்று. ஒருவர் வாசிக்க நால்வர் கேட்டு, இடையில் மறித்து, கதையிலுள்ள தர்க்கத்தைத் தாங்கள் தொடர்வதற்காகவே அத்தனை இடம் விடப்பட்டிருந்தது. லண்டனில் கடற்படை அலுவலராயிருந்த பெப்பீஸ், வண்டியில் தம் மனைவி அந்த சைரஸ் கதையை நீட்டி நீட்டிச் சொன்னதால் எரிச்சலுற்றதை 1666ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அந்த அம்மையாரின் பக்கமே நம் அனுதாபம்.

சிறு பத்திரிகைக்காரர்களாகிய நாம் இதுநாள்வரை பெப்பீஸின் கட்சியில்தான் இருந்துவந்தோம். 1948இல் இதே திருவனந்தபுரத்தில் கண்மூடிய புதுமைப்பித்தனையும், சாலைக் கடைத்தெருவில் கடை வைத்துக்கொண்டே அத்தெருவின் மனிதர்களைச் சிறுகதைகளில் நிறுத்திய ஆ. மாதவனையும் முன்னோடிகளாகக் கொண்ட நமக்குச் சுருக்கமே தர்மமாகவும், தொடர்கதை என்பது அடுப்படிச் சமாசாரமாகவும் பட்டதில் வியப்பில்லை. சுருக்கத்தின்மேல் நமக்குள்ள பக்தி இன்றும் குறையவில்லை. ஆனால் நீளத்தை ஆசிரியனின் அடக்கமின்மை என்று மட்டுமே கணித்து, அதில் வாசகர் குடியேறி வாழ்ந்த சங்கதியை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. நம்மைவிட நேர்மையானவர் அந்நாளைய பிரான்ஸின் செவிஞே சீமாட்டி. லா கால்ப்ரனேத் என்பவரின் நெடுங்கதைகளை நடை மோசமென்று மகளுக்கு எழுதிய கையோடு, அவற்றை விட முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். மலையாளத்தில் விலாசினி 1980இல் நான்கு பாகங்களாக, நாலாயிரம் பக்கங்களை நெருங்கும் 'அவகாசிகள்' நவீனத்தை வெளியிட்டாரே, அதன் பக்கக்கணக்கைச் சொல்லிப் பரிகசித்த நாம் அதை முழுவதும் படித்தோமா என்று யாரும் கேட்டதில்லை.

வீட்டார் விரும்பாத காதலரும் பின்னாளில் கணவருமான வில்லியம் டெம்பிளுக்கு, டாரதி ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலப் பெண் 1653 வாக்கில் 'மகா சைர'ஸின் முதல் பாகத்தை அனுப்பி, அதைத் திருப்பிய பிறகே இரண்டாவதை அனுப்புவதாக எழுதினாள். ஆச்சியின் நிபந்தனையும் அதுவே. ஐந்தையும் ஒருசேரக் கேட்ட நமக்கு ஒன்றை மட்டும், அதுவும் பழைய வேஷ்டித் துண்டில் சுற்றி, கொடுத்தனுப்பினார். வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டையிலிருந்து எப்படித் தப்புகிறான் என்று தெரியும்வரை அச்சுப்பிழை திருத்துவதில் மனம் செல்லவில்லை. இவ்விதழ் இரண்டு வாரம் பிந்தியதற்குக் காரணம், சந்தாதாரர்கள் மன்னிக்க வேண்டும், இதுதான்.